சேற்றில் எழுதிய பாடம்

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் கார்டன்ஸிலும் அதனை அடுத்த தெருக்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சுந்தரவனம் என்னும் பெயர் புதியதன்று. குளிர்காலம் வந்ததும் பள்ளிக்கூடங்கள் மாணவரை அங்கே அழைத்துச் செல்வதும், பெற்றோர் கையொப்பமிட்டுக் கட்டணம் செலுத்துவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. பிள்ளை திரும்பி வந்ததும் வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, “புலியைப் பார்த்தாயா?” என்பதே. “பார்க்கவில்லை” என்று அது சொன்னவுடன், “அப்படியானால் போனதெல்லாம் வீண்தான்” என்று பேச்சு முடிந்துவிடும். பிள்ளை இரண்டு நாள் கண்டறிந்த அத்தனையையும் இந்த ஒரு கேள்வி அழித்துவிடுகிறது. காட்டுக்குச் செல்வது எத்தகைய கல்வி, அதனைப் பெறுவது எவ்வாறு, அது லேக் கார்டன்ஸில் வாழும் நமக்கு ஏன் வேண்டும் என்பவற்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். கங்கையும் பிரம்மபுத்திராவும் தம் துணையாறுகளுடன் வங்கக்கடலில் கலக்குமிடத்தில், இந்தியாவும் வங்காளதேசமுமாகிய இரு நாடுகளிலும் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரந்து கிடப்பது சுந்தரவனம். உலகில் ஒருசேர அமைந்த அலையாத்திக் காடுகளுள் இதனினும் பெரியது வேறில்லை. உப்பு நீரில் வேரூன்றி நின்று அலையின் வேகத்தை ஆற்றுவதனால் இவ்வகைக் காட்டுக்குத் தமிழில் அலையாத்திக் காடு என்று பெயர். இந்தியப் பகுதியில் 102 தீவுகள் உள்ளன. அவற்றுள் 54 தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர்; எஞ்சிய 48 தீவுகள் காடு. 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஒன்பது காப்பகங்களுள் சுந்தரவனமும் ஒன்று. 1984-இல் அதன் நடுப்பகுதியான 1,330 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 1987-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிற் சேர்த்தது.

வகுப்பறையை விட்டு வெளியே சென்று கற்பது வங்கநாட்டிற்குப் புதிய கருத்தன்று. 1901-இல் சாந்திநிகேதனத்தில் இரவீந்திரநாத தாகூர் பள்ளியைத் தொடங்கியபோதே மரநிழல்தான் வகுப்பறையாயிற்று. அங்கே மரம் நடுதலை ஒரு விழாவாகவும் அவர் 1928-இல் ஏற்படுத்தினார். நாடு முழுமைக்கும் இக்கல்வி கட்டாயமானது பிற்காலத்தில்தான். 1991-இல் உச்சநீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பள்ளி கல்லூரிகளில் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டுமென்று ஆணையிட்டது. அதே ஆணையில், வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் சில நிமிடங்களை இப்பொருளுக்கு ஒதுக்க வேண்டுமென்றும் கூறியது. 2020-இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர் புத்தகப்பையின்றி வெளியே கற்பதற்குப் பத்து நாள் வேண்டுமென்று கருதுகிறது. ஆகவே சட்டமும் கொள்கையும் இருக்கின்றன. அந்நாள்களில் ஒன்றை உல்லாசப் பயணமாகக் கழிப்பதா, பாடமாக்கிக்கொள்வதா என்பது ஆசிரியரையும் பெற்றோரையும் பொறுத்தது.

சுந்தரவனத்தில் நடைபெறும் பாடம் பிற காடுகளில் நடைபெறுவது போன்றதன்று. முதுமலையில் வண்டியிற் செல்லலாம். சென்னை நகருக்குள்ளேயே இருக்கும் கிண்டித் தேசியப் பூங்காவை ஒட்டிய சிறுவர் பூங்காவில் கால்நடையாக உலவலாம். சுந்தரவனத்திலோ சாலையே இல்லை. கோத்காலித் துறையில் படகேற வேண்டும். வனத்துறையின் அனுமதிச் சீட்டும், அத்துறையிடம் உரிமம் பெற்ற வழிகாட்டியும் இன்றிப் படகு காட்டுக்குள் நுழைய இயலாது. சஜ்னேகாலி, சுதன்யகாலி, தோபாங்கி போன்ற காவற்கோபுரமுள்ள இடங்களைத் தவிர வேறெங்கும் கரையில் இறங்கலாகாது. தோபாங்கியில் மரக்கிளைகளின் உயரத்தில், இருபுறமும் கம்பிவலை சூழ்ந்த நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அங்கே மனிதர் கூண்டிற்குள்ளும் விலங்குகள் வெளியேயும் இருக்கின்றன! ஆதலால், மாணவர் பெரும்பாலான நேரம் படகின் மேல்தளத்தில் அமர்ந்து கரையைப் பார்த்தபடியே இருப்பர். எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லாவிட்டால், ஒருமணி நேரத்தில் எல்லாம் ஒரே பச்சையாகத் தோன்றிச் சலிப்புத் தட்டிவிடும். எதைப் பார்ப்பது என்று அறிந்தவர்க்கோ, கரையின் சேறு எழுத்துகள் நிறைந்த பலகையாகிவிடும்.

அப்பலகையில் முதற்பாடம் நீரின் ஏற்ற வற்றம். நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே, இன்று காலை எட்டு மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால், நாளை காலை எட்டே முக்காலுக்கு மேற்பட்டே அவ்வுச்சம் வரும். இதற்குக் காரணம் சந்திரன். பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் நேரத்திற்குள் சந்திரனும் சிறிது நகர்ந்துவிடுவதால், அதனை எட்டிப் பிடிக்க நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் மிகுதியாகின்றது. இங்குள்ள படகோட்டிகள் ஏற்றத்தை ‘ஜோயார்’ என்றும், வற்றத்தை ‘பாட்டா’ என்றும் சொல்வர். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று ஈர்ப்பதனால் ஏற்றம் மிகப் பெரிதாகும். அது ‘பரா கோட்டால்’. அரைத் திங்கள் நாள்களில் ஏற்றம் தணிந்திருக்கும். அது ‘மரா கோட்டால்’. சில இடங்களில் நீர்மட்டம் நான்கைந்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. மரத்தின் அடிப்பகுதியில் ஒரே மட்டமாகப் படிந்திருக்கும் சேற்றுக் கோட்டைக் காட்டி, “நீர் இதுவரை வந்தது, எத்தனை மணி நேரத்திற்கு முன் வந்திருக்கும்?” என்று ஆசிரியர் கேட்கட்டும். மாணவன் கடிகாரத்தையும் கரையையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கிவிட்டால், பாடம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாவது பாடம் வேர். சேற்றினுள் காற்றுப் புகுவதற்கு இடமில்லை. மரமோ வேரினாலும் மூச்சுவிட வேண்டும். என் செய்வது? வெண்கண்டல் மரம் தன் வேரிலிருந்து பென்சில் போன்ற குச்சிகளை ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நீட்டி, அவற்றின் வழியே பிராணவாயுவைப் பெறுகிறது. வங்காளிகள் ‘பாயின்’ என்று அழைக்கும் மரம் இதுவே. பிச்சாவரத்தில் நாம் சுரபுன்னை என்று சொல்லும் மரமோ, நடுத்தண்டிலிருந்து வில்போல வளைந்திறங்கும் முட்டுவேர்களின் மேல் நின்றுகொண்டிருக்கும். நீர் வற்றியிருக்கும் வேளையில்தான் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே வற்றத்தின் நேரத்தைக் கணக்கிட்டுப் படகைச் செலுத்தச் சொல்வது நல்லாசிரியரின் திறம். உப்பை வெல்வதற்கும் இம்மரங்கள் வெவ்வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. சுரபுன்னை தன் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வெண்கண்டல் உப்பை உள்ளே ஏற்று, பின்னர் இலையின் நுண்ணிய சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடும். வெயிலில் அவ்விலையை உற்றுநோக்கினால் உப்புத் துகள் மின்னுவதைக் காணலாம். சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, நீண்ட முருங்கைக்காய் போல் வளர்ந்து, பின்னர் விழுந்து, சேற்றில் குத்தி நிற்கும். அன்றேல் நீரில் மிதந்து சென்று வேறோர் இடத்தில் வேர்விடும். பிறந்த மண்ணில் முளைத்து, வேற்று மண்ணில் ஊன்றும் அச்செடியைப் பற்றிச் சொல்லும்போது, வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்ப்பிள்ளை சற்றே கூர்ந்து கேட்பதில் வியப்பில்லை.

மூன்றாவது பாடம் உயிர்களின் தொடர்பு. நீர் வற்றிய சேற்றில் ஒருபுறம் மட்டும் பெருத்த கொடுக்கையுடைய ஆண்நண்டுகள் அக்கொடுக்கை அசைத்துக்கொண்டிருக்கும். அவை தோண்டும் வளைகளின் வழியே காற்றும் நீரும் சேற்றினுள் சென்று மரங்களுக்கு உதவுகின்றன. சேற்றின் மீது தாவிச் செல்லும் சிறுமீன் ஒன்றுண்டு. தோல் ஈரமாக இருக்குமளவும் அத்தோலின் வழியாகவும் மூச்சுவிட வல்லது. ‘கேவ்ரா’ என்னும் மரத்தில் குரங்குகள் இலையைப் பறித்துத் தின்று, பாதியைக் கீழே உதிர்க்கும். அதனைத் தின்பதற்குப் புள்ளிமான்கள் மரத்தடியில் வந்து நிற்கும். மானைத் தேடியே புலி வருகிறது. இலையிலிருந்து புலிவரை நீளும் இச்சங்கிலியில் புலி இறுதிக் கண்ணி. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியச் சுந்தரவனத்திலுள்ள புலிகள் ஏறத்தாழ நூறு. அத்துணைப் பெரிய காட்டில், நீரோடைகளுக்கு இடையே ஒளிந்து வாழும் நூறு விலங்குகளுள் ஒன்றைப் பயணிகள் காணாதிருப்பதே இயல்பு. ஆனால், நண்டையும் மானையும் கேவ்ரா இலையையும் கண்ட மாணவன், புலி வாழ்வதற்குரிய காரணங்கள் அனைத்தையும் கண்டுவிட்டான் அல்லவா?

இனி, தமிழ்ப் பெற்றோர் தனியே கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் கற்கின்றனர். தெருவில் வங்காளியில் பேசுகின்றனர். வீட்டில் தமிழ் கேட்கின்றனர். ஆயினும் மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் மூன்று மொழிகளிலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. எல்லாம் ‘ஒரு மரம்’, ‘ஒரு பறவை’ ஆகிவிடுகின்றன. பெயரில்லாத பொருளின் மீது அன்பு கொள்வது எளிதன்று. சுந்தரவனத்தில் ‘கேவா’ என்று ஒரு மரம் எங்கும் காணப்படும். உதிர்வதற்கு முன் அதன் இலைகள் சிவந்துவிடும். கிள்ளினால் வெண்மையான பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு. ஆகையால் தொடாமல் பார்க்க வேண்டும். அம்மரம் வேறெதுவும் அன்று, நம் தில்லைதான்! சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் வந்தது இம்மரத்தால்; திருக்கோவிலின் தலமரமும் இதுவே. சிதம்பரத்திற்கு அண்மையில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்புள்ள பிச்சாவரக் காட்டில் இன்றும் இதனைக் காணலாம். பாட்டியின் வாயிலாகத் தில்லை என்ற பெயரை மட்டும் கேட்டிருந்த ஒரு சிறுமிக்கு, வங்காளப் படகோட்டி “கேவா” என்று கைகாட்டும் மரமே அது என்று தெரியும் கணத்தில், இரண்டு ஊர்களும் ஒரே கரையில் வந்து நிற்கின்றன. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, அவ்வந் நிலத்தின் மரம், பறவை, விலங்கு, தொழில், தெய்வம் ஆகியவற்றைச் சேர்த்தே நோக்கியவர் நம் முன்னோர். அந்நோக்கை வங்கக் கரையிலும் பயன்படுத்தலாம். இங்கே காட்டுக்குள் தேன் எடுக்கச் செல்வோர், இந்துவாயினும் இசுலாமியராயினும், பொன்பீபி என்னும் வனதேவதையை வணங்கிவிட்டே செல்கின்றனர் என்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதியே.

இவையெல்லாம் அறிவதனால் வரும் பயன் யாது என்று கேட்கலாம். பயன் மிகப் பெரிது. அது நம் வாசற்படி வரை வருகின்றது. காட்டுத்தீவுகளுக்கு அருகிலுள்ள 54 தீவுகளில் மக்கள் மண்ணாலான கரைகளைக் கட்டி, உப்பு நீரைத் தடுத்து, நெல் விளைத்து வாழ்கின்றனர். கரை உடைந்தால் வயலில் உப்பேறி, சில ஆண்டுகளுக்கு நெல் விளைவது கடினம். 2009 மே 25-இல் ஐலாப் புயல் வந்தது. அது அமாவாசைக்கு மறுநாள். 2021 மே 26-இல் யாஸ் புயல் ஒடிசாக் கரையைக் கடந்தது, அன்று பௌர்ணமி. ஏற்றம் உச்சத்தில் இருந்த நாளாகையால், புயலின் மையம் தொலைவில் இருந்தும் சுந்தரவனத்தின் கரைகளைக் கடல் தாண்டியது. படகில் அமர்ந்து ‘பரா கோட்டால்’ என்பதைக் கற்ற மாணவனுக்கு இதனை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. 2020 மே 20-இல் வந்த ஆம்பன் புயலோ தீவுகளின் கரைகளை உடைத்ததோடு நில்லாமல், கொல்கத்தாவிலும் புகுந்து, லேக் கார்டன்ஸை அடுத்த இரவீந்திர சரோவரத்தின் பெருமரங்களையும் வேரோடு சாய்த்தது. காடும் நகரமும் ஒரே புயலின் வழியில் இருக்கின்றன. முன்னே நிற்பது காடு. அக்காடு அலையின் வேகத்தைக் குறைத்து, மண்ணைப் பற்றி நிற்கிறது. அது மெலியுமளவும் பின்னே இருப்பவர் மீது விழும் அடி வலுக்கும்.

நாள்தோறும் விடியற்காலையில் கேனிங்கிலிருந்து வரும் ரயில்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தென்கொல்கத்தாவின் வீடுகளுக்கு வேலை செய்ய வருகின்றனர். நம் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துலக்கும் பெண்மணியின் ஊர், கரை உடைந்த தீவுகளுள் ஒன்றாக இருத்தல் கூடும். வயல் உப்பேறியதால் ரயிலேறியவராகவும் அவர் இருத்தல் கூடும். சுந்தரவனத்துக்குச் சென்று வந்த பிள்ளை அவரிடம், “மாஷி, உங்கள் ஊர்க் கரை எப்படி இருக்கிறது?” என்று வங்காளியில் கேட்குமாயின், அப்பயணத்திற்குச் செலவிட்ட பணம் முழுவதும் பலனளித்துவிட்டது என்பேன்.

இத்தகைய பயணத்திற்கு ஆயத்தம் லேக் கார்டன்ஸிலேயே தொடங்கலாம். அண்மையிலுள்ள இரவீந்திர சரோவரம் இயற்கையாய் அமைந்த ஏரி அன்று. 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டு டிரஸ்ட் வெட்டியது. 1958-இல் தாகூரின் பெயரைப் பெற்றது. 73 ஏக்கர் நீர்ப்பரப்பும் அதனைச் சூழ்ந்த மரங்களும் நகரப் பிள்ளைக்கு முதல் வகுப்பறையாகும். பயணத்திற்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வேளையில் அங்கே சென்று, ஒரே மரத்தடியில் அரைமணி நேரம் பேசாமல் அமர்ந்து, கண்டவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதும் பழக்கத்தை ஏற்படுத்துக. நீர்க்காகமும் கொக்கும் வந்தால், அவற்றின் பெயரைத் தமிழிலும் வங்காளியிலும் அருகருகே எழுதச் சொல்லுக. அமைதியாக அமரக் கற்காத பிள்ளைக்குக் காடு எதனையும் காட்டாது.

வழியிலும் பாடம் உண்டு. லேக் கார்டன்ஸ் நிலையத்தில் ரயிலேறி, பாலிகஞ்சில் மாறி, கேனிங்கை அடையலாம். மாத்லா ஆற்றின் கரையிலுள்ள அவ்வூரில் பெரியதொரு துறைமுகத்தை அமைக்க ஆங்கில அரசு முனைந்தது. சுழற்புயலுக்கு ‘சைக்ளோன்’ என்னும் பெயரை வகுத்தவரும், கொல்கத்தாவில் பணியாற்றியவருமான ஹென்றி பிடிங்டன், அவ்விடத்தைப் புயலலை அழித்துவிடும் என்று 1853-இலேயே எழுதி எச்சரித்தார். கேட்பாரில்லை. 1867-இல் வந்த புயல் துறைமுகத்தைப் பாழாக்கியது. இயற்கையைப் படித்த ஒருவரின் சொல்லைக் கேளாமையால் நேர்ந்த நட்டத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

காட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை சில. உயிர்காப்பு மிதவையை எல்லாரும் அணிதல் வேண்டும். படகின் விளிம்பிற்கு வெளியே கையை நீட்டலாகாது. நீரில் முதலை உண்டு. பாட்டுப்பெட்டியும் கூச்சலும் கூடா. மேல்தளத்தில் பத்து மாணவர்க்கு ஓர் ஆசிரியரேனும் இருப்பது நலம். கொண்டுசென்ற தாளும் உறையும் ஒன்றுவிடாமல் திரும்பி வர வேண்டும். மழைக்காலத்தில் காடு மூடப்படுவதுண்டு. ஆதலால் நாளைக் குறிக்குமுன் வனத்துறையிடம் கேட்டறிதல் இன்றியமையாதது. சஜ்னேகாலியிலுள்ள அலையாத்திக் காட்டு விளக்கக் கூடத்தை இறுதியில் பாராமல் முதலில் பார்ப்பது நன்று. அங்கே கண்ட பெயர்களைப் பின்னர்க் கரையில் தேடலாம். அழிவின் விளிம்பிலிருக்கும் ஆற்றாமை இனம் ஒன்றை அங்கே வளர்த்துப் பெருக்கி வருவதையும் மாணவர் அறிதல் வேண்டும்.

திரும்பி வந்தபின், வீட்டில் ஒரு மாலைப்பொழுதைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். “புலியைப் பார்த்தாயா?” என்பதை விடுத்து, “நீர் எந்நேரம் ஏறிற்று? எந்த வேர் எப்படி இருந்தது? எத்தனை மரங்களின் பெயர் தெரிந்தது? கரையில் வாழ்பவர் என்ன சொன்னார்கள்?” என்று கேளுங்கள். நான்கிற்கும் விடை வருமாயின், பிள்ளை வாழும் மண்ணைப் படிக்கத் தொடங்கிவிட்டது. நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், அந்த மண்ணையும் நீரையும் அறிந்து வாழ்வதே அவ்வூர் மக்களுக்கு நாம் காட்டும் நன்றியாகும். இந்தக் குளிர்காலத்தில் அதனைத் தொடங்கலாம்.